நடக்கும் அட்டை

பழைய சலவை இயந்திரத்தை யாரும் குப்பையில் போடக் கூடாது மேடம். தொட்டி துருப்பிடித்திருக்கலாம், கதவு சாத்தாமல் போகலாம், ஆனால் உள்ளே இருக்கும் மோட்டார் இன்னும் இருபது வருஷம் ஓடும். முப்பத்தொரு வருஷம் இந்த மலைப்பக்கத்தில் வீடு வீடாகப் போய் அவற்றைப் பழுது பார்த்தவன் சொல்கிறேன். உங்கள் அம்மாவின் இயந்திரத்தைக்கூட ஒருமுறை சரி செய்திருக்கிறேன். உள்ளே ஒரு காலுறை மாட்டிக்கொண்டிருந்தது. காசு வேண்டாம் என்றேன், சோள ரொட்டி கொடுத்து அனுப்பினார்.

அப்படி ஒரு மோட்டாரைப் பற்றிச் சொல்லத்தான் ஷெரிஃப் ஆபீசுக்கு வந்தேன். என் மகள் டெல்லாவின் விஷயம் முடிந்தது என்று போன நவம்பரில் நீங்கள் கடிதம் அனுப்பினீர்கள். தன் வீட்டு வாசலில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சுட்டாள், குற்றமில்லை என்று எழுதியிருந்தது. நன்றாக எழுதப்பட்ட கடிதம். ஆனால் அதில் நான் இல்லை. என்னை எங்கே சேர்க்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் டெல்லா இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். ஒடித்தவன் அவள் புருஷன் கர்ட். குடித்திருந்தான், கதவை அறைந்து சாத்தினான், அவள் கை நடுவில் இருந்தது. தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் நியாயமான கோபம். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் கிடையாது.

அவள் வந்தபோது என் மனைவி போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதமும் வீட்டில் நான் ஒற்றை ஆள். ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று நிற்கும், அப்போது ஒரு அமைதி வரும். எனக்கு அது பயம். எழுபது வயதுக்காரன் வெட்கப்பட வேண்டிய விஷயம்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது. டெல்லா வந்தாள், மாடியில் காலடிச் சத்தம் கேட்டது, நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அவளும் பயந்துபோய்த்தான் வந்திருந்தாள். ரோட்டில் ஒரு பிக்கப் வண்டி போனால் ஜன்னலை விட்டு நகர்ந்துவிடுவாள். அதனால் அவளுக்கு ஆறு குண்டு போடும் சின்னக் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வீட்டின் பக்கவாட்டில் மலையை வெட்டிய மண்மேடு இருக்கிறது, அதை ஒட்டி ஆள் உயர அட்டையை நிறுத்திச் சுடக் கற்றுக்கொடுத்தேன். இரண்டே மாதத்தில் ஆறு குண்டையும் ஒரு தேநீர்த் தட்டின் அளவுக்குள் போட்டாள். பிறகு எங்கள் சுடும் கிளப்பில் இருக்கும் வெர்ன் ஒருநாள் வந்து பார்த்தான். நாற்பது வருஷ சிநேகிதன், வாய் சும்மா இருக்காது.

"யோவ் ஆர்வில், வர்றவன் நின்னு போட்டோவுக்குப் போஸ் குடுப்பானா? அட்டையை ஓட விடுய்யா. கையில இத்தனை மோட்டார வச்சுக்கிட்டு என்ன பண்ற, ஊறுகாயா போடப்போற?" என்றான்.

அவன் சொன்னதும் சரிதானே. இரண்டு சைக்கிள் சக்கரங்களை டயர் கழற்றிக் கம்பங்களில் மாட்டினேன். நடுவே துணி காயப்போடும் எஃகுக் கம்பியைச் சுற்றிக் கட்டினேன். சலவை மோட்டார் வேகமாகச் சுற்றும், அதனால் பெரிய சக்கரமும் பெல்ட்டும் போட்டு மனிதன் நடக்கும் வேகத்துக்குக் குறைத்தேன். கம்பியில் தொங்கிய அட்டை விறகுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து வெளிவந்து, மண்மேட்டை ஒட்டி, வாசல் பக்கம் பன்னிரண்டு அடிவரை வந்து நிற்கும். அவ்வளவுக்கும் கையிலிருந்து பதினான்கு டாலர்தான் செலவு. டெல்லா கைதட்டிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது வெகு நாளைக்குப் பிறகு.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. நகரும் அட்டைகள் எப்போதும் ஜோடியாகத்தான் ஓடும். ஒன்று வெறும் பழுப்பு அட்டை, அதைச் சுட வேண்டும். இன்னொன்றின் மார்பில் வெள்ளைப் பெயிண்டில் விரித்த கை ஒன்று வரைந்திருக்கும். அது தபால்காரன், பக்கத்து வீட்டுக்காரன், வழி தவறி வந்தவன். தப்பித்தவறி அதைச் சுட்டுவிட்டால் அன்றைக்கு எல்லோருக்கும் வறுத்த கெளுத்தி மீன் வாங்கித் தர வேண்டும், ஒரு வருஷம் கேலியும் தாங்க வேண்டும். வெர்ன் என் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அதைத்தான் கேட்டான்.

"வெள்ளைக் கை எங்கய்யா? இப்படியே விட்டா பொண்ணு சுடத்தான் கத்துக்கும், பாக்கக் கத்துக்காது."

"பெயிண்ட் வாங்கணும்பா."

"என்கிட்ட ஒரு டப்பா கெடக்கு, எடுத்துக்க. இதுக்குமா கஞ்சத்தனம்?"

டப்பாவை வாங்கி வந்து பட்டறை அலமாரியில் வைத்தேன். வரைய வேண்டும் என்றுதான் நினைத்தேன். அந்தச் சமயத்தில் என் மனதில் வேறு எதுவும் இல்லை, இதை நீங்கள் நம்பலாம்.

டெல்லாவுக்குத் தைரியம் வந்தது. டவுனில் தீவனக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஜன்னல் திரையை விலக்கி வைத்தாள். எல்லாம் நான் விரும்பியதுதான். ஆனால் தைரியம் வந்த மனுஷிக்குப் போன் பேசவும் தைரியம் வந்துவிடுகிறது. ஒரு நாள் கர்ட்டோடு நாற்பது நிமிஷம் பேசினாள். அவன் குடியை விட்டுப் பத்தொன்பது மாதம் ஆகியிருந்தது. ஐடஹோவில் மர அறுவை ஆலையில் வேலை, வாரம் இரண்டு நாள் சர்ச்சுக்குக் கீழே குடியை விட்டவர்களின் கூட்டம்.

"அப்பா, அவர் இப்போ வேற ஆளு மாதிரி பேசுறார். ஒரு தடவ அங்க போய்ப் பாக்கலாமான்னு யோசிக்கிறேன்" என்றாள் சாப்பாட்டு மேஜையில்.

"பாக்கலாமே" என்றேன். உருளைக்கிழங்குக்குக் குழம்பு ஊற்றினேன். ஐடஹோ இங்கிருந்து இரண்டு நாள் பயணம்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போய் ஒரு சக்கரத்தின் அச்சைக் கழற்றி, நடுவிலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளி மாட்டினேன். காரணம் இருந்தது. அட்டை ஒரே சீராக வந்தால் சுடுவது சுலபம், பழக்கம் முன்னேறாது. கோணல் சக்கரத்தில் அது ஏறி இறங்கி வரும். கர்ட்டின் வலது கால் இரண்டு விரல் அளவு குட்டை. சின்ன வயதில் மரம் விழுந்தது. ஒரு அடி நிமிர்ந்து, ஒரு அடி சாய்ந்து நடப்பான். சரியான சாய்வு வர எனக்கு மூன்று தடவை அச்சை மாற்ற வேண்டியிருந்தது.

டெல்லா அதைப் பார்த்ததும் துப்பாக்கியைத் தாழ்த்தினாள்.

"அப்பா, இது அவர் நடை."

"எதும்மா? சக்கரம் பழசு, கோணிப்போச்சு."

"சரி பண்ணிடுங்களேன்."

"கஷ்டமா இருந்தாத்தானே பழக்கம்."

சுட்டாள். பட்டது. அன்றைக்கு டெலிபோன் இரண்டு தடவை அடித்தது, அவள் எடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நான் சந்தோஷம் என்று சொல்லிக்கொள்ளவில்லை, மகள் பத்திரமாக இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒன்றன் பின் ஒன்றாகச் சில மாற்றங்கள். மழையில் அட்டை ஊறுகிறதென்று அதற்கு ஒரு கோட்டு மாட்டினேன். கொட்டகையில் கர்ட் விட்டுப்போன பழுப்புக் கோட்டுதான் கையில் கிடைத்தது. அட்டையை ஓட விடுமுன் 'ஓடுது' என்று குரல் கொடுப்பது கிளப் வழக்கம். நிஜத்தில் யார் குரல் கொடுத்துவிட்டு வரப்போகிறார்கள், அதனால் அதை நிறுத்தினேன். சுவிட்சுக்கு ஒரு கயிறு கட்டி சமையலறை ஜன்னல் வரை இழுத்துக்கொண்டேன். அவள் துணி உலர்த்தும்போது, வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவும்போது, நினைத்த நேரத்தில் இழுப்பேன். துப்பாக்கியை எப்போதும் இடுப்பில் வைத்திருக்கச் சொன்னேன், ஏப்ரன் கட்டுவது போல அதையும் கட்டிக்கொண்டாள்.

முதல் வாரம் அலறினாள். ஒரு தடவை உட்கார்ந்து அழுதாள். மூன்றாம் வாரத்திலிருந்து அலறவில்லை. கொட்டகை ஓரம் அந்த நடை தெரிந்தால் போதும், எழுந்து மார்பில் இரண்டு குண்டு, பிறகுதான் மூச்சு விடுவாள், அதற்கும் பிறகுதான் பார்ப்பாள். நான் உள்ளே போய் அவளுக்குப் பிடித்த மாதிரி முட்டை பொரித்து வைப்பேன்.

வெர்ன் ஒரு நாள் இதைப் பார்த்தான். அன்றைக்கு அவன் ஒரு கிண்டலும் செய்யவில்லை.

"இது பழக்கம் இல்லய்யா. நீ அவளப் பயமுறுத்திக்கிட்டே இருக்க" என்றான். போகும்போது வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "உன்னப் பாத்தா எனக்கே பயமா இருக்கு ஆர்வில்" என்றான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. நாற்பது வருஷ சிநேகிதம் இப்படிப் போனதில் எனக்கு வருத்தம்தான்.

ஆனால் பயத்தையும் எத்தனை நாள்தான் ஒருத்தி தாங்குவாள். செப்டம்பரில் டெல்லா மறுபடி போன் பேச ஆரம்பித்தாள். "அப்பா, நான் பயப்படுறது அவரப் பாத்து இல்ல, அந்த அட்டையைப் பாத்து. அவர நேர்ல பாத்தாத்தான் இது போகும்" என்றாள். நவம்பர் கடைசியில் வரும் நன்றி சொல்லும் நாள் விருந்து முடிந்ததும் ஐடஹோ போவதாக நாளும் குறித்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண். அவள் அம்மாவின் புத்தி.

அக்டோபரில் கர்ட் வீட்டுக்குப் போன் செய்தான். டெல்லா கடையில் இருந்தாள், நான்தான் எடுத்தேன். நாற்பது மைல் தள்ளி அவன் அக்கா ஆர்டித் வீட்டுக்கு வந்திருந்தான்.

"மாமா, நான் கர்ட். அவ நவம்பர்ல வர்றேன்னு சொல்லியிருக்கா. அதுக்கு முன்னால உங்ககிட்ட நேர்ல வந்து மன்னிப்பு கேக்கணும்னு தோணுது. நீங்க வேண்டாம்னா வரல."

"ஏன் வேண்டாம்? சனிக்கிழமை நாலு மணிக்கு வா."

"டெல்லாகிட்ட சொல்லிடட்டுமா?"

"நான் சொல்லிக்கிறேன். நீ ஒண்ணு செய். கேட்டுல ஹாரன் அடிக்காத. வண்டிய ரோட்டுலயே விட்டுட்டு, கொட்டகைப் பக்கமா நடந்து வந்துடு."

"ஹாரன் அடிக்காம எப்படி மாமா?" என்றான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. மிசௌரியில் இந்த மலைப்பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் கேட்டில் வண்டியை நிறுத்தி இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு, வீட்டுக்காரர் வாசலுக்கு வரும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருப்போம். விசாரிக்க வந்த அன்றைக்கு நீங்களும் அப்படித்தான் செய்தீர்கள் மேடம். அடிக்காமல் கால்நடையாக வருகிறவனைத் திருடன் என்றுதான் நினைப்பார்கள். கர்ட் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், அவனுக்கு இது தெரியும்.

"ஹாரன் சத்தம் கேட்டா அவளுக்கு இன்னும் பயம், கர்ட்" என்றேன்.

"சரி மாமா" என்றான். மணிக்கட்டை நினைத்துக்கொண்டிருப்பான். என் பேச்சைத் தட்டக் கூடாது என்றும் நினைத்திருப்பான். நான் டெல்லாவிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவளை வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் உரிக்கச் சொன்னேன். நான் சமையலறையில் இருந்தேன். எங்கே இருந்தீர்கள் என்று நீங்கள் கேட்டபோதும் அதையே சொன்னேன், அது பொய்யில்லை. அன்றைக்குக் கயிற்றை நான் தொடவே இல்லை. மூன்று கோப்பையில் காபிகூட ஊற்றி வைத்தேன். கொல்ல நினைக்கிறவன் மூன்றாவது கோப்பையை எடுப்பானா என்று பல நாள் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எடுப்பான் என்றுதான் தோன்றுகிறது.

கொட்டகை ஓரம் அவன் வந்தான். நீலச் சட்டை, புதுசு. கையில் பேரிக்காய்ப் பை. ஒரு அடி நிமிர்ந்து, ஒரு அடி சாய்ந்து. அவள் எழுந்தாள். அவன் இடது கையை விரித்து உயர்த்தினான், எதிரே ஆளைப் பார்த்ததும் மனிதர்கள் உயர்த்துவது போல. இரண்டு குண்டு.

"கையைப் பாத்தேம்ப்பா" என்றாள் பிறகு, நீங்கள் வருவதற்கு முன்னால். "கையைத் தூக்கினார். பாத்தேன். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாமப் போச்சு." அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெர்ன் கொடுத்த பெயிண்ட் டப்பா அலமாரியில் மூடி திறக்காமலே இருந்தது.

உங்களிடம் நான் சொன்னது ஒரே வாக்கியம். ஹாரன் அடிக்காமல் கொட்டகைப் பக்கமாக வந்தான் என்றேன். இந்த ஊரில் அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அதற்குப் பின் வந்த குளிர்காலம், எப்படிச் சொல்வது, நல்ல குளிர்காலம். டெல்லா வேலைக்குப் போகவில்லை. வாசலைத் தாண்டவே இல்லை. அவள் பூட்டிய கதவுகளை நான் ஒரு தடவை சரிபார்ப்பேன், நான் பார்த்ததை அவள் இன்னொரு தடவை பார்ப்பாள். பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்டுக் காரமாக ஏதாவது செய்வேன், பாதி சாப்பிடுவாள். சீட்டு விளையாடுவோம். மாடியில் காலடிச் சத்தம் முன்பைவிட அதிகமாகக் கேட்டது, ஏனென்றால் அவள் தூங்குவதில்லை. எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

மூன்று வாரத்துக்கு முன் ஆர்டித் வந்தாள். இரண்டு ஹாரன் அடித்துவிட்டு வண்டியில் காத்திருந்தாள். நானே போய்க் கூட்டி வந்தேன், வேறென்ன செய்ய. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பெரியவரே, ஒரே கேள்வி. ஹாரன் அடிக்காதேன்னு என் தம்பிகிட்ட எதுக்குச் சொன்னீங்க? அன்னைக்குக் கிளம்பும்போது எங்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தான். இவளும் சேந்துதான் செஞ்சான்னு நெனச்சு இத்தன நாள் வாயத் தொறக்கல. இவ மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியல."

"அவ பயப்படுவான்னுதான்" என்றேன்.

டெல்லா என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து பட்டறைக்குப் போனாள். அலமாரியில் டப்பாவின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "கயிறை இழுங்கப்பா. எப்ப வேணா இழுங்க, சொல்லாதீங்க" என்றாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று இழுத்தேன். அதே கோணல் சக்கரம், அதே கோட்டு, கோட்டின் மேல் வெள்ளைக் கை. முதல் தடவை எழுந்தாள், சுட்டாள், இரண்டு குண்டும் உள்ளங்கையில் பட்டன. இரண்டாவது தடவையும் சுட்டாள். மூன்றாவது தடவை துப்பாக்கியை உயர்த்தி, பார்த்து, தாழ்த்தினாள். அப்புறம் பதினோரு தடவை நான் இழுத்தேன், பதினோரு தடவையும் பார்த்துத் தாழ்த்தினாள். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்து நான் நின்றதில்லை மேடம். அவள் என்னைச் சுடுவாளோ என்றல்ல.

துப்பாக்கியைக் காலி செய்து சமையலறை மேஜையில் வைத்தாள்.

"சுடாம இருக்க முடியுதான்னு பாத்தேன். அது தெரியாம மனுஷங்க இருக்கிற எடத்துக்கு எப்படிப் போறது?"

"எங்க போற?"

"ஆர்டித் அண்ணி நேத்துப் போகும்போது வரச் சொன்னாங்க."

"தனியா நீ பயப்படுவம்மா."

"ஆமாப்பா. பயப்படுவேன்" என்றாள். ஒரு பெட்டி மட்டும் எடுத்துக்கொண்டாள். கூட்டிப்போக வந்த ஆர்டித்தின் வண்டி கேட்டைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் நேரே உங்களிடம் வந்து சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். காத்திருந்தேன். தினமும் சட்டை மாற்றி, சவரம் செய்து, வாசலில் உட்கார்ந்திருந்தேன். இருபது நாள். ஒரு வண்டியும் வரவில்லை, ஒரு ஹாரனும் இல்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை என்று புரிந்தது. என்னைத் திட்டவும் இல்லை, பிடித்துக் கொடுக்கவும் இல்லை, விட்டுவிட்டுப் போய்விட்டாள். ஃப்ரிட்ஜ் ஓடுகிறது, நிற்கிறது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கர்ட்டைக் கொன்றது நான். மோட்டார், கம்பி, சக்கரம், கடைசியில் என் மகள், எல்லாம் சேர்த்து ஒரே இயந்திரமாகக் கட்டியது நான். எந்த நாளில், எந்த மணிக்கு, எந்த வழியாக அவன் வருவான் என்றும் எனக்குத் தெரியும், வந்தால் என்ன நடக்கும் என்றும் தெரியும். டெல்லா மேல் ஒரு குற்றமும் இல்லை. அவளுக்காகத்தான் இதைச் சொல்கிறேன், வேறு காரணம் கிடையாது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். வழக்கு நடக்க மாதக்கணக்காகும், அதுவரை வீட்டுக்குப் போகலாம் என்று நீங்கள் சொல்லிவிடக் கூடாது. உள்ளே வரும்போது பார்த்தேன், பின்பக்கம் இரண்டு லாக்கப் அறைகள் இருக்கின்றன, ஒன்றில் யாரோ குடிகாரன் படுத்திருக்கிறான். பக்கத்து அறையை எனக்குக் கொடுங்கள். அவன் கத்தினாலும் பரவாயில்லை, வாந்தி எடுத்தாலும் பரவாயில்லை. நாளைக்கு அவனை விட்டுவிடுவீர்களா, இல்லை இன்னும் சில நாள் இருப்பானா?